செவியிரைச்சல்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழாசிரியன் ஒருவனிடம் அவையோர் எதிர்பார்ப்பதும் அதுவேயாம். எனினும், அவர்கள் இசைவு பெற்று இவ்வாண்டு யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது செவியிரைச்சல் என்னும் துன்பம். இலக்கியம் அடுத்த ஆண்டும் இருக்கும். கெட்ட செவியோ மீளாது. ஆதலின் இதனை முற்படக் கூறுதல் எம் கடமை என்று கருதினோம்.

நம் மரபினர் நெசவைத் தொழிலாகக் கொண்டவர். நம் பாட்டன்மார் காலத்துக் குழித்தறியின் ஓசை வீட்டுக்குள்ளேயே அடங்கி நின்றது. அவ்வோசைக்கு நடுவே பேசலாம்; பாடலாம்; குழந்தையை உறங்கவும் வைக்கலாம். இன்றோ ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் முதலிய ஊர்ப்புறங்களில் விசைத்தறிக் கூடங்களில் நின்று பிழைப்போர் நம்மிற் பலர். அங்கே நாடா இருபுறமும் மோதியடிக்கும் ஓசை ஓயாது. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடவேண்டுமாயின் தோளைத் தொட்டே கூப்பிடவேண்டும்.

முன்பு நம் கூட்டங்களுக்குத் தவறாது வந்து, வழக்குகளைக் கேட்டுத் தீர்த்துவைத்த பெரியவர்களிற் சிலர் அண்மைக்காலமாக வருவதில்லை. அவர்களுக்குச் செருக்கு வந்துவிட்டது என்று சிலரும், சங்கத்தின்மேல் மனத்தாங்கல் என்று சிலரும் பேசுகின்றனர். அவருள் ஒருவரை யாம் நேரிற் கண்டு காரணம் வினவினோம். "தறியை விற்று நாலு வருஷம் ஆச்சு, வாத்தியாரே, காதுக்குள்ளே மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. பத்துப் பேர் கூடிப் பேசினால் ஒருத்தர் பேச்சும் விளங்கலே. வந்து என்ன செய்ய?" என்றார். செருக்கும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. இரைச்சல் ஒருபுறம், கேளாமை ஒருபுறம், அவற்றை வெளியிற் சொல்ல நாணம் ஒருபுறமாக அவர் வீட்டோடு ஒடுங்கிவிட்டார். இத்தகையோரை நாம் இழக்கலாமா என்பதே இன்றைய கேள்வி.

செவியிரைச்சல் யாது?

புறத்தே ஓசை ஒன்றும் இல்லாதபோதும் செவியின்கண்ணோ தலையின்கண்ணோ ஓசை கேட்பதே செவியிரைச்சல் எனப்படும். சிலர்க்குச் சில்வண்டு கத்துவதுபோலவும், சிலர்க்கு நீராவி சீறுவதுபோலவும், சிலர்க்கு மணி ஒலித்து ஓயாததுபோலவும் கேட்கும். மேலைநாட்டார் இதற்கு வழங்கும் டின்னிட்டஸ் என்னும் பெயர், மணியொலித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. வடமொழியில் சுசுருதர் நூல் செவி நோய்களை எண்ணுமிடத்துக் கர்ணநாதம் என்று இதனைக் கூறுகின்றது. எனவே இது நேற்று வந்த நோய் அன்று.

இஃது அருகிய நோயும் அன்று. பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்து 2022ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, வயதுவந்தோர் நூற்றுவரில் ஏறத்தாழப் பதினால்வர் இதனை அறிந்தவர். அந்நூற்றுவரில் இருவர் அளவினர் கடுந்துயர் உறுபவர். இசைப்புலவர் பீதோவன், தம் முப்பதாம் அகவையில், 1801ஆம் ஆண்டில், மருத்துவ நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் தம் செவிகள் இரைவதையும், அதனை நாணிக் கூட்டத்தைத் தவிர்த்து வாழ்வதையும் கூறி வருந்தியுள்ளார். அவருடைய ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது 1824ஆம் ஆண்டில். இருபத்து மூன்று ஆண்டுகள் அவர் அத்துன்பத்தோடும், பெருகிவந்த செவிட்டோடும் தொழில் செய்தார் என்பது இதனாற் புலனாம்.

இரைச்சல் எங்ஙனம் தோன்றுகின்றது?

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தார். மெய், நா, மூக்கு, கண் என்று ஏறிவந்து, ஐந்தாவதாகச் செவியை வைத்து, ஆறாவதாக மனத்தை வைத்தார். செவியும் மனமும் அடுத்தடுத்து நிற்பன. இப்பிணி அவ்விரண்டும் கூடும் இடத்தில் நிகழ்வது என்று கொண்டால் அதன் இயல்பு எளிதில் விளங்கும்.

உட்செவியில் நத்தைக்கூடுபோற் சுருண்ட உறுப்பு ஒன்று உளது. அதனுள் மயிர்போன்ற நுண்ணிய நுனிகளையுடைய அணுக்கள், ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழப் பதினையாயிரம், வரிசையாக அமைந்துள்ளன. ஓசையலை வந்து தாக்குங்கால் அவை அசைந்து நரம்பு வழியே மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. பேரோசையாலும் முதுமையாலும் சில மருந்துகளாலும் அவ்வணுக்கள் மடியும். அறுந்த நகம் மீண்டும் வளரும். மனிதனுக்கு இவ்வணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

அணுக்கள் மடியவே, மூளைக்கு வரும் செய்தி குறைகின்றது. குறைந்ததை ஈடுசெய்ய மூளை தன் கேட்குந் திறத்தைத் தானே கூட்டிக்கொள்கின்றது. தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி சரியாக வாராதபோது நாம் வானொலிப்பெட்டியின் திருகாணியை முறுக்குகின்றோம். நிலையத்தின் பேச்சு பெருகுமுன் பெட்டியின் இரைச்சலே பெருகுகின்றதன்றோ? அதுபோன்றதே இதுவும் என்பது இன்றைய அறிஞர் பலரும் கொண்ட கருத்து. கேட்கும் திறன் குன்றியவர்க்கே இரைச்சல் பெரும்பாலும் வருவதன் காரணம் இதுவேயாம்.

மூளைக்குள் இவ்வோசை யாவர்க்கும் ஓரளவு உண்டு என்பதற்கு ஒரு சான்றும் உளது. 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவி நலம் உடைய எண்பது பேரை ஒருவர்பின் ஒருவராக, ஓசை புகாத அறையில் ஐந்து நிமிடம் இருத்தி, என்ன கேட்டது என்று வினவினர். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர். ஆகவே, ஓசை பிறப்பது ஒன்று. அதனை மனம் பகையாகக் கொண்டு ஓயாது காவல் காப்பது வேறொன்று. துயரத்தின் பெரும்பகுதி இரண்டாவதனாலேயே விளைகின்றது. அஞ்சினால் மனம் அதனையே கேட்கும், கேட்கக் கேட்க அச்சம் பெருகும், உறக்கம் கெடும், உறக்கம் கெட்டால் இரைச்சல் மிகும். இச்சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்துவதே மருத்துவத்தின் நோக்கம்.

காரணங்கள்

காரணம் ஒன்றன்று. செவிக்குரும்பி அடைத்துக்கொள்வதனாலும் இரைச்சல் வரும். அதனை மருத்துவர் எடுத்துவிட்டால் தீரும். சீழ் வடிதல், செவிப்பறையில் ஓட்டை, நடுச்செவி எலும்பு இறுகுதல், தலைச்சுற்றலொடு வரும் மெனியர் நோய் என்பனவும் காரணமாகும். இரத்தக் கொதிப்பு, இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, தாடை மூட்டு நோவு ஆகியனவும் இதனோடு தொடர்புடையன. மிகுதியாக உண்ட ஆஸ்பிரின், கொயினா, ஜென்டமைசின் வகை ஊசிமருந்து, புற்றுநோய்க்கு இடும் சிஸ்பிளாட்டின் முதலியனவும் செவியைத் தாக்க வல்லன. எனினும், இதனைக் கேட்டுவிட்டு உண்டுவரும் மருந்தைத் தாமே நிறுத்திவிடல் ஆகாது. தந்த வைத்தியரையே கேட்டல் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் நம்மவர்க்கு முதன்மையானவை முதுமையும் பேரோசையுமே. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார் என்பவர் 1886ஆம் ஆண்டில், கொதிகலம் செய்யும் தொழிலாளர் நூற்றுவரைச் சோதித்தார். அவருள் ஒருவர்க்கேனும் பழுதற்ற செவி இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளில் நெய்த பெண்டிர், தறியோசையில் பேச்சுக் கேளாமையால், உதடசைவைக் கொண்டே உரையாடப் பழகியிருந்தனர். நம் கூடங்களில் நம் பெண்டிர் கைச்சாடையால் பேசிக்கொள்வதும் அதுவே. அதனைத் திறமை என்று புகழ்தல் போதாது. எச்சரிக்கை என்றும் கொள்ளல் வேண்டும்.

அளந்தறியும் முறை

பிணியாளர் முதலிற் செல்லத்தக்க இடம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அவர் வினவுவன பின்வருமாறு: இரைச்சல் ஒரு காதிலா, இரு காதிலுமா? எத்துணைக் காலமாக? ஓயாததா, விட்டுவிட்டு வருவதா? நாடித்துடிப்போடு ஒத்து அடிக்கின்றதா? கேள்வி குறைந்துள்ளதா? தலைச்சுற்றல் உண்டா? என்ன தொழில், என்ன மருந்து? உறக்கம் எப்படி? இவற்றுக்கு வீட்டிலேயே விடை எண்ணிச் செல்வோர்க்கு மருத்துவர் விரைந்து உதவ இயலும்.

பின்னர்ச் செவியின் உள்ளே விளக்கிட்டு நோக்குவார். இசைக்கவையை அதிர்வித்து, கேளாமை நடுச்செவியதா, உட்செவியதா என்று பகுத்தறிவார். அதன்பின் ஓசையடைத்த அறையில், தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை, ஒவ்வொன்றும் எத்துணைச் சிறிதாக ஒலித்தால் கேட்கின்றது என்று அளந்து, ஒரு வரைபடம் எழுதித் தருவார்கள். இதுவே ஆடியோகிராம். பேரோசையாற் கெட்ட செவியில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியை ஒட்டி ஒரு பள்ளம் காணப்படுதல் வழக்கம். படம் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த சோதனைக்கும் கொண்டுசெல்க.

ஓசை எத்துணைப் பெரிது என்பதனினும், அது வாழ்வை எத்துணைக் கெடுத்தது என்பதே பெரிது. அதனை அளக்க 1996ஆம் ஆண்டில் இருபத்தைந்து வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாள் அமைக்கப்பட்டது. கவனம் சிதறுகின்றதா, சினம் வருகின்றதா, உறக்கம் கெடுகின்றதா, நண்பரோடு கலத்தல் தடைப்படுகின்றதா என்பன போன்ற வினாக்களுக்கு ஆம், சிலபோது, இல்லை என விடை கூறவேண்டும். நூறு மதிப்பெண், மதிப்பெண் மிக மிகத் துயரம் மிகுதி. பள்ளியில் மதிப்பெண் மிகுந்தால் மகிழும் நமக்கு இது தலைகீழ்க் கணக்கு!

காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் ஓடவேண்டிய நிலைகளும் சில உள. அவற்றை நினைவிற் பதித்துக்கொள்க. திடீரென ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாட்களிலோ ஒரு காது கேளாது போதல். இது நெருக்கடி, சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினாலே பயன் மிகுதி. ஒரு காதில் மட்டும் நீடித்து இரைதல்; செவிநரம்பில் கட்டி உளதா என்று படமெடுத்துப் பார்க்கவேண்டிவரும். நாடியோடு ஒத்து அடித்தல். இரத்தக்குழாய்க் கோளாறு இருக்கலாம். முகம் கோணுதல், கடுந்தலைச்சுற்றல், தலையில் அடிபட்டபின் தோன்றுதல் ஆகியனவும் இவ்வினத்தனவே.

தணிக்கும் வழிகள்

செவியிரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகச் சத்து என்பவற்றை இதற்குப் பரிந்துரைக்க வேண்டா என்று கூறுகின்றது. பீட்டாஹிஸ்டின் என்னும் மாத்திரையை இரைச்சலுக்காக மட்டும் கொடுத்தல் ஆகாது என்று பிரிட்டன் நாட்டு நெறிமுறை 2020ஆம் ஆண்டில் உரைத்தது. ஆகவே, மூன்றே நாளில் நின்றுவிடும் என்று கூறிப் பணம் பறிப்போரை நம்பற்க. காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுதலும், பூண்டுச் சாறு பிழிதலும், கோழியிறகு, ஊக்கு முதலியவற்றால் குடைதலும் கூடவே கூடா. பறையில் ஓட்டை இருப்பின் அவ்வெண்ணெய் உள்ளே சென்று கெடுக்கும். ஓட்டை இல்லாத செவியிலும் ஊக்கு ஓட்டை செய்துவிடும்.

"மாத்திரை இல்லையெனின் மருந்தே இல்லையோ?" என்று மனம் உடைய வேண்டா. "ஒன்றும் செய்வதற்கில்லை, போய் வா" என்று எவரேனும் கூறினும் அதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள வேண்டா. செய்யத்தக்கன பல உள.

முதலாவது, விளக்கம். இஃது உயிர்க்கு இறுதி செய்வதன்று, பித்தின் தொடக்கமும் அன்று என்று தெளிந்த அளவிலேயே பலர்க்குப் பாதித் துயரம் நீங்குகின்றது.

இரண்டாவது, கேள்வி குறைந்தவர்க்குக் காது கேட்கும் கருவி. வெளியோசை நன்கு வரவே, மூளை திருகாணியை முறுக்கவேண்டிய தேவை குறைகின்றது, பேச்சும் விளங்குகின்றது. கண்ணாடி அணிவதற்கு நாணாத நாம் இதற்கு மட்டும் நாணுவானேன்? பெண் பார்க்க வருவோர் காண்பார்களே என்று இளம்பெண்ணுக்குக் கருவி வாங்காது விடும் வீடுகளும் நம்மிடை உள. மறைத்து முடித்த மணத்தினும் சொல்லி முடித்த மணமே நிலைப்பது.

மூன்றாவது, மெல்லோசைத் துணை. முழு அமைதியில் இரைச்சல் பெருகித் தோன்றும். நடுப்பகலில் ஒளி தெரியாத அகல்விளக்கு நள்ளிரவில் வீடெல்லாம் நிறைதல் போல என்க. ஆதலின் உறங்கும் அறையில் மின்விசிறியின் ஓசையோ, மழையோசையோ, தாழ்ந்த இசையோ இருக்கட்டும். அஃது இரைச்சலை மூழ்கடிக்கும் அளவு பெரிதாதல் வேண்டா. இரைச்சலோடு கலந்து அதன் கூர்மையை மழுக்கும் அளவே போதும்.

நான்காவது, மனப்பயிற்சி. எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உரையாடல் மருத்துவத்தால் ஓசை குறைவதில்லை. ஆனால் அதனால் வரும் துயரம் குறைகின்றது என்பது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. தறிக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தை அவ்வோசையில் அயர்ந்து உறங்குகின்றது. விருந்தாக வந்தவர் உறங்கமாட்டார். ஓசை ஒன்றே, பழக்கம் வேறு. அதுபோல உள்ளோசையும் பல திங்களிற் பழகிப் பின்னணிக்குச் சென்றுவிடும். அடிக்கடி "இப்போது இரைகின்றதா?" என்று உற்றுக்கேட்டுப் பாராதிருத்தலே இதற்கு முதற்படி. நாடோறும் ஒரே நேரத்திற் படுத்து எழுதலும், நடத்தலும், கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளலும் உதவும்.

வீட்டாரும் இதிற் பங்குடையர். இரைச்சல் பிறர்க்குக் கேளாது. ஆதலின் "எல்லாம் உன் நினைப்பு" என்று எளிதில் தள்ளிவிடுகின்றோம். அங்ஙனம் கூறற்க. முகத்துக்கு நேரே நின்று, கத்தாமல், நிறுத்திப் பேசுக. துயர் தாங்காது வாழ்வே வேண்டா என்னும் சொல் பிறந்தால், அதனை வாய்ப்பேச்சு என்று விடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

வருமுன் காத்தல்

எண்பத்தைந்து டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது உலகில் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு. மூன்று டெசிபல் கூடுந்தோறும் அக்காலம் பாதியாகும். எண்பத்தெட்டில் நான்கு மணி. தொண்ணூற்றொன்றில் இரண்டு மணி. தொண்ணூற்று நான்கில் ஒரு மணி. நூறு டெசிபலில் பதினைந்தே நிமிடம். விசைத்தறிக் கூடத்தின் ஓசையோ தொண்ணூறைக் கடப்பது. அதனுள் எட்டு மணியேயன்றிப் பன்னிரண்டு மணி நிற்பவரும் உளர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சுத் துணுக்கைக் காதில் வைத்தல் போதாது. நுரையாற் செய்த காதடைப்பான் சிறு விலைக்கே கிடைக்கின்றது. அதனை விரலால் மெல்லிதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலால் பிடித்திருத்தல் வேண்டும். பாதி நுழைத்துவிட்டுப் பயனில்லை என்பது பிழை. இளைஞர்கள் செவியில் மாட்டிக்கொள்ளும் பாட்டுக் கருவியையும் தாழ்த்தி வைக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேளாத அளவு வைத்தல் தகாது. நம் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கியை மணப்பந்தலின் முன்னேயே கட்டுகின்றோம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டில் வந்த சட்ட விதி. விதி இல்லாவிடினும், மடியிற் குழந்தையோடு முன்வரிசையில் இருக்கும் தாயை எண்ணியேனும் குறைத்தல் கடன்.

சங்கத்துக்கு வேண்டுகோள்

முடிவாக மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒன்று: தறிக்கூடம் உடைய நம் அங்கத்தினர் தத்தம் கூடத்து ஓசையை அளந்து பார்த்து, வேலை செய்வோர் அனைவர்க்கும் காதடைப்பான் தம் செலவில் வாங்கித் தருதல். கூலி கொடுப்பவரும் கூலி பெறுபவரும் இவ்வவையில் ஒருங்கே இருக்கின்றீர்கள்; இது கேட்கத்தக்க இடமே. இரண்டு: உலகச் செவித்திறன் நாளாகிய மார்ச்சு 3ஆம் நாளை ஒட்டி, ஆண்டுதோறும் அரசு மருத்துவமனை மருத்துவர்களின் துணைகொண்டு நம்மவர்க்குச் செவிச்சோதனை நடத்துதல். கருவி வாங்க இயலாதோர் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பெறுவதற்கு மனு எழுதித் தரும் பணியை ஆசிரியராகிய யாமும் எம் நண்பர்களும் ஏற்றுக்கொள்வோம். மூன்று: சங்கக் கூட்டங்களில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதிருத்தலும், செவி குன்றிய பெரியோர்க்கு முன்வரிசையில் இடம் ஒதுக்குதலும். இதற்குக் காலணாச் செலவும் இல்லை.

திருவள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்து, கல்வி, கல்லாமை ஆகியவற்றுக்குப் பின் வைத்தார். எழுத்தறியாதவரும் கேட்டே அறிவுடையவராயினர் என்பது நம் முன்னோர் வரலாறு. பாவு ஓட்டுவதும் பண் பாடுவதும் நமக்குச் செவிவழியே வந்தன. அச்செவியைக் கூலிக்காகத் தறிக்கு ஈடு வைத்துவிடாமற் காப்போமாக. இன்று வீட்டோடு இருக்கும் பெரியோர் இல்லந்தோறும் இவ்வாரமே இருவர் இருவராகச் சென்று, அவர்களை அழைத்து வரவேண்டுமென்று இளைஞர்களை வேண்டிக்கொள்கின்றோம்.